உறைபனி கண்ட உத்தமர்கள்

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிவிட்டுப் போனதும் வேடந்தாங்கலில் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வக்கா என்று நம் நாட்டுக் கூட்டம் ஒருபுறம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து என்று இமயத்தைத் தாண்டி வரும் கூட்டம் இன்னொருபுறம். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. சொந்த ஊரில் குளம் குட்டையெல்லாம் உறைந்து கிடக்கிறது. நுழைவுச் சீட்டு கிடையாது, பார்க்கிங் கட்டணம் கிடையாது, வாடகைக்கு ஜாக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அவ்வளவையும் உதறிவிட்டு, இறக்கை வலிக்கப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, மதுராந்தகத்துப் பக்கம் ஓர் ஏரியின் கலங்கல் தண்ணீரில் மிதக்கின்றனவே, இவற்றை என்ன சொல்வது? பறவைக்கு மூளை சிறிது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது சரிதான்.

அந்தப் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் தலைமுறை தலைமுறையாகப் பண்டிகையை அமைதியாகக் கழிக்கும் வேடந்தாங்கல்காரர்களையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம். நாலு இடம் போய்ப் பார்த்த அனுபவம் அவர்களுக்குப் போதாது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மற்ற ஜனங்கள் அப்படியல்ல. பறவை எந்த மாதத்தில் குளிருக்குப் பயந்து இங்கே ஓடி வருகிறதோ, அதே மார்கழி, தை மாதங்களில் இவர்கள் குளிரைத் தேடி எதிர்த்திசையில் புறப்படுகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து, திருப்போரூரிலிருந்து, மாமல்லபுரம் கடலோரத்துக் குடியிருப்புகளிலிருந்து வேன் வேனாகக் கிளம்பி, ஊட்டியில் உறைபனி பார்த்துவிட்டு வருகிறார்கள். ஐநூறு கிலோமீட்டர் போய், அரை மணி நேரம் பார்த்து, ஐநூறு கிலோமீட்டர் திரும்புவது என்றால் சும்மாவா? காசிக்கு நடந்து போனவர்களைப் பற்றி நம் பாட்டிமார் பெருமையாகப் பேசுவார்கள். நடக்கிறவனுக்கு அலுத்தால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். டெம்போ டிராவலரின் கடைசி சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவனின் தவத்துக்கு அது ஈடாகாது.

அந்தத் தவத்தை ஆத்தூர் சுங்கச்சாவடியில் தொடங்கி வைப்பார்கள். திண்டிவனம் வரைக்கும் பாட்டு, உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் அந்தாக்ஷரி, சேலத்தில் ஆளுக்கொரு தலைவலி மாத்திரை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் பிளாஸ்டிக் பைகளுக்கு வேலை வந்துவிடும். குன்னூர் வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கடலோரத்து வயிறு ஏழாவது வளைவிலேயே கணக்கை முடித்துக்கொள்ளும். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த காரணத்தால்தான் தண்ணீர் பாட்டில்களைச் சீட்டுக்கு அடியில், போர்வையால் மூடி வைக்கிறார்கள். சட்டத்தை மதிக்காதவன் என்றால் அதை டேஷ்போர்டு மேலேயே வைத்துக்கொண்டு போகமாட்டானா?

நீதிமன்றத்தின் மேலும் அவர்களுக்கு அதே மரியாதைதான். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும்படி சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மையும் கேட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் கட்டியது. நம் உத்தமர்கள் தீர்ப்பை வரிவரியாகப் படித்தார்கள். வரம்பு கோடைக்குத்தான், பனிக்காலத்துக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நீதிபதிகள் கண்ணிலேயே படாத ஒரு பருவம் இவர்கள் கண்ணில் பட்டதென்றால், அந்தக் கூர்மையை ஐ.ஐ.டி.க்காரர்கள்தான் வந்து அளக்க வேண்டும்.

சரி, மலை ஏறியாகிவிட்டது. இனி பனி.

ஊட்டியில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் மேலே விட்டுவிடும். தரையை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அந்தக் காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேல் அப்படியே படிகமாகப் படிந்துவிடும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியை நம்புவதைவிட, காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்தரை போன்ற தாழ்வான இடங்களை நம்பலாம். வானிலைக்காரர்கள் வெப்பமானியைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். அது இரண்டு டிகிரி என்று காட்டுகிற காலையிலும் புல்நுனி சுழியத்துக்குக் கீழே போயிருக்கும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்து நாலு மேகத்தை அனுப்பிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போவது வாத்தியார் வேலை. நம்மவர்களுக்கு ஒரே ஒரு விவரம் போதும். அது ‘மைனஸ்’.

தலைக்குந்தா சாலையோரத்து டீக்கடையில் விடியற்காலை நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அக்கா, இன்னிக்கு மைனஸ் எவ்ளோக்கா?”

“எனக்கெங்க தம்பி தெரியும்? கை மரத்துப்போச்சு. அவ்ளோதான் தெரியும்.”

“டிவில மைனஸ் ரெண்டுன்னாங்களே?”

“அப்ப அவங்கள்ட்டயே டீ குடிங்க.”

அந்த அம்மாளுக்கு விருந்தோம்பல் போதாது. மைனஸ் இரண்டை வாட்ஸ்அப்பில் போட்டால் செய்யூரிலும் கல்பாக்கத்திலும் எத்தனை சொந்தக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பொறாமைப்படுவார்கள் என்பது அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

புல்வெளி ஓரம் வண்டி நின்றதும் முதலில் குழந்தைகளை இறக்கிவிடுவார்கள். தலையில் குரங்குக் குல்லாய், கையில் உறை, மூக்கில் சளி. கிழக்கு வெளுக்கும் வெளிச்சத்தில் புல் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய ஊசிகள் குத்திட்டு நிற்கும். உட்கார்ந்து, மூச்சை அடக்கிப் பார்த்தால்தான் ஊசி தெரியும். நின்றபடி பார்த்தால் வெள்ளை மட்டும்தான். ஒரு சின்னப்பெண் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, உப்புப்பா!” என்றது. செய்யூர்ப் பக்கம் உப்பளம் பார்த்து வளர்ந்த குழந்தை, வேறென்ன சொல்லும்? அப்பா சிரிக்கவில்லை. “உப்பு பார்க்கவா இவ்ளோ செலவு பண்ணி வந்தோம்? சரியாப் பாரு, ஐஸ்!” என்றார். குழந்தை சரியாகப் பார்ப்பதற்குள் விரல்சூட்டில் அது தண்ணீராகிவிட்டது. தண்ணீரைக் குழந்தை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டது. அதோடு கல்வி முடிந்தது.

பெரியவர்களின் கல்வி காரின் கூரையில் நடந்தது. இரவெல்லாம் வெளியே நின்ற வண்டிகளின் மேல் படிந்த பனியை ஏ.டி.எம். அட்டையால் சுரண்டிச் சேர்த்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை தேறும். அதை ஒருவர்மேல் ஒருவர் எறிய வேண்டும். எறிவதை மூன்றாமவர் ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டும். எடுத்தது சரியில்லையென்றால் இன்னொரு வண்டியைச் சுரண்ட வேண்டும். அந்த வண்டி யாருடையது, பெயின்ட் என்ன ஆகும் என்பதெல்லாம் அற்ப விஷயம். படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஹெட்லைட்டைப் போட்டு, கால் விறைக்கிறது என்று எஞ்சினையும் ஓடவிட்டு நிற்பதில் ஒரு ஜீவகாருண்யம் இருக்கிறது. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் தமிழ்நாடல்லவா இது? இரவு முழுக்கக் குளிரில் நடுங்கிய புல்லுக்கு டீசல் புகையால் ஒத்தடம் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குப் பனி இல்லாமல் போய்விடும். உடனே, “இந்த இடம் வேஸ்ட், அந்தப் பக்கம் நல்லா இருக்கு” என்று உதவி தேவைப்படும் அடுத்த புல்லை நோக்கி நகர்ந்துவிடுவார்கள்.

புல்லுக்கு இவ்வளவு கரிசனம் காட்டுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. நீலகிரியின் மேட்டு நிலத்தில் புல்வெளி புல்வெளியாகவே நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்பார்கள். மடிப்புகளில் வளரும் சோலைக்காட்டு மரங்களின் கன்றுகள் திறந்தவெளிக்கு வந்தால் பனியில் கருகிவிடும், புல்லோ தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கிய புல்தான் மழையைப் பிடித்துவைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விட்டு, பவானிக்கும் மாயாற்றுக்கும் அனுப்புகிறது. பனியைத் தாங்கும் புல், மிதியையும் தாங்குகிறதா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? நம்மவர்கள் ஷூ காலோடு இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பள்ளத்தாக்கில் வேறு சில மனிதர்களும் விழித்திருப்பார்கள். அவர்களுக்கு ரசனை இல்லை. உறைபனி விழுந்த தேயிலைக் கொழுந்துக்குள் ஈரம் உறைந்து, வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். மறுபடி துளிர்க்கும் வரைக்கும் பறிக்க ஒன்றும் இருக்காது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி காய்ந்த புல்லையும் பெரணியையும் செடிமேல் போர்த்துகிறான். தண்ணீர் வசதி உள்ளவன் விடிவதற்குள் தெளிப்பானைத் திறந்து பனியைக் கரைக்கப் பார்க்கிறான். தாவரவியல் பூங்காவில்கூடப் பூச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார்ச் செடியைப் போர்த்தி வைத்திருப்பார்கள். ஆக, உள்ளூர்க்காரன் எதை வரவிடாமல் தடுக்க இரவெல்லாம் முழித்துக்கொண்டிருக்கிறானோ, அது வரவேண்டும் என்று வெளியூர்க்காரன் இரவெல்லாம் முழித்துக்கொண்டு வந்திருக்கிறான். இருவரும் சாலையில் எதிரெதிரே பார்க்கும்போது, “இன்னிக்குப் பனி நல்லா விழுந்திருக்குல்ல?” என்று நம்மவர் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வார். தன் மகிழ்ச்சியைத் தானே வைத்துக்கொள்ளாத அந்தத் தாராளம் எல்லாருக்கும் வராது.

இந்த இடத்தில் ஔவையார் நினைவுக்கு வருகிறார். நம் தொண்டை நாட்டு மன்னன் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டியபோது, இங்கே ஆயுதங்களெல்லாம் மாலை சூடி, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் பாராட்டினாராம். புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் அதைக் கேட்டு என்ன செய்தான் என்று பாட்டில் இல்லை. என் யூகம், உச்சி குளிர்ந்திருப்பான். அவன் வழியில் வந்த நாமும் ஸ்வெட்டர் விஷயத்தில் அப்படித்தான். ஊட்டியில் திபெத்தியர் கடையில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்கள் நம் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு, மடிப்புக் கலையாமல், பொத்தான் அறுந்துவிடாமல் பத்திரமாக இருக்கின்றன. கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் நடுநிசியில் கேரட் பிடுங்கி, விடிவதற்குள் பச்சைத் தண்ணீரில் கழுவி மூட்டை கட்டுகிற ஆட்களின் ஸ்வெட்டர்களைப் பார்க்கவேண்டுமே! முழங்கையில் ஓட்டை, கழுத்தில் நூல் தொங்கும், சேறு வேறு. குளிராடையை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்.

ஊர் திரும்பியதும் நம்மவர்களை ஊக்குவிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் தவறாமல் ‘மினி காஷ்மீராக மாறிய ஊட்டி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். எழுத்துக் கோத்தது கோத்தபடியே இருக்கும். தேதியை மட்டும் மாற்றுவார்கள் என்று நினைக்கிறேன். புதிது புதிதாகத் தலைப்புத் தேடி வாசகனைக் குழப்பாத நிதானத்தைப் பாராட்ட வேண்டும். ஊட்டி மினி காஷ்மீர் என்றால், இமாசலத்தில் கஜ்ஜியார் மினி சுவிட்சர்லாந்து. எந்த ஊரையும் அந்த ஊராகவே பார்த்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

காஷ்மீரும் மணாலியும் அடுத்த வகுப்பு. மணாலிக்கு மேலே ரோத்தாங் கணவாயில் வண்டிப் புகையின் கரி படிந்து பனி உருகுகிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாளொன்றுக்கு 1,200 வண்டி என்று வரம்பு கட்டியது. 2020 அக்டோபரில் அதற்கடியிலேயே ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். வரம்பு மேலே இருக்கட்டும், நாங்கள் கீழே போகிறோம் என்று அந்தப் பக்கம் சிஸ்ஸுவுக்குப் போய்ப் பனியில் நிற்கிறது கூட்டம். அசல் சுவிட்சர்லாந்திலோ, ஃபுர்கா கணவாய் அருகே ரோன் பனியாற்றில் ஆண்டுதோறும் ஒரு குகை குடைந்து சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் வியாபாரம். இப்போது வெயிலில் குகை உருகாமல் இருக்கப் பனியாற்றின் மேல் வெள்ளைப் போர்வை போர்த்துகிறார்கள். ஊட்டித் தோட்டக்காரர் பனி படாமல் இருக்கச் செடிக்குப் போர்வை போடுகிறார். சுவிட்சர்லாந்துக்காரர் வெயில் படாமல் இருக்கப் பனிக்கே போர்வை போடுகிறார். நடுவில் போர்வை தேவைப்படாதவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும்தான்.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் சரக்கு 180 டன். நாலு மாதம் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன். 1842-இல் சென்னைக் கடற்கரையிலும் அவருக்கு ஒரு கிடங்கு எழும்பியது. ஐஸ் ஹவுஸ் என்று ஊரே சொல்லும் கட்டடம் அதுதான். பின்னாளில் விவேகானந்தர் 1897-இல் அங்கே தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். நீராவி யந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. துரைமார்கள் சாராயத்தில் போட்டுக் குடிக்கவும், காய்ச்சல்காரன் நெற்றியில் வைக்கவும் அந்த ஐஸ் பயன்பட்டது. பயன்பட்ட பொருளைக் கொண்டுவருவதில் என்ன பெரிய சாதனை? ஒரு பயனுமில்லாத பனிக்குள் காசு கொடுத்து நுழைந்து, நடுங்கிவிட்டு வெளியே வருவதில்தான் நாகரிகம் இருக்கிறது.

அந்த நாகரிகம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சில வருஷமாகிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் கோடைப் பொருட்காட்சிகளிலும் பனி அறைகள் வந்துவிட்டன. ஊட்டிக்குப் போக விடுமுறை கிடைக்காதவர்கள் ஏமாந்துபோகக் கூடாதல்லவா? வெளியே அக்னி நட்சத்திரம், நாற்பதை எட்டும் வெயில். உள்ளே சுழியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி. நடுவில் ஒரு கனத்த கதவு. முன்னால் போன ஐம்பது பேரின் வியர்வை மணக்கும் ஜாக்கெட்டையும், இன்னும் ஈரம் காயாத பூட்ஸையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், பனிக்கரடி பொம்மை, சறுக்குப் பலகை, ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. சமத்துவம் என்றால் இதுவல்லவா? அடுத்தவர் வீட்டுத் தம்ளரில் வாய்வைக்க யோசிக்கிறவர்கள் அடுத்தவர் வியர்வையில் கைநுழைக்கிறார்கள்.

குளிரை யாரும் உண்டாக்க முடியாது. வெப்பத்தை இடம் மாற்றத்தான் முடியும். அறைக்குள்ளிருந்து உறிஞ்சிய சூடும், உறிஞ்சும் யந்திரத்தின் சூடும் சேர்ந்து பின்பக்கச் சுவரிலுள்ள விசிறிகள் வழியாக வெளியே வந்துதான் தீரவேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட காவலாளியோ, நுங்கு விற்கிற அம்மாளோ நிற்பார்கள். உள்ளே இருப்பவரின் காஷ்மீரத்துக்குத் தங்கள் முதுகில் இடம் கொடுத்தவர்கள் அவர்கள். பனங்காட்டை மனையாக்கியதால் அந்த அம்மாளின் நுங்கு இப்போது எங்கோ தொலைவிலிருந்து வருகிறது என்பது கூடுதல் சிறப்பு. ஏரி மாவட்டம் என்று பெயர்வாங்கிய மாவட்டத்தில் ஏரியைத் தூர்த்து, அதற்கு ‘லேக் வியூ’ என்று பெயர் வைத்து, அதில் வீடு வாங்கி, வெக்கை தாங்காமல் ஏ.சி. போட்டு, அதுவும் போதாமல் பனி அறைக்குப் போகிறோமே, இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தும் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அதே சாலையில் விடியற்காலை வேறொரு ஐஸ் வண்டியும் போகும். கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று குப்பம் குப்பமாக ஐஸ் கட்டிகளை இறக்கிவிட்டு. சாக்கில் சுற்றிய கட்டியைக் கட்டையால் உடைத்து, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று பெட்டியில் அடுக்குவார்கள். விலை ஏறினாலும், படகை ஏற்றிவைக்கக் கரையில் மணல் குறைந்துகொண்டே போனாலும் ஐஸ் இல்லாமல் அவர்களுக்கு விடியாது. ஆனால் அங்கே செல்ஃபி பாயிண்ட் இல்லை. கவிச்சி வேறு அடிக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுவது உத்தமம்.

கடைசியாக மாமல்லபுரத்துக்கு வரவேண்டும். இமயமலையைப் பார்க்க இமயத்துக்கே போகவேண்டும் என்ற ஞானம் இல்லாத பல்லவர்கள் அதை இங்கேயே ஒரு பாறையில் செதுக்கித் தொலைத்தார்கள். தொண்ணூறு அடிக்கு மேல் நீளம், நாற்பதடிக்கு மேல் உயரம். நடுவில் பிளவில் கங்கை இறங்குகிறாள். நாகர்கள் கைகூப்பி ஏறுகிறார்கள். யானைகள் குட்டிகளோடு வருகின்றன. விலா எலும்பு தெரிய ஒரு தவசி ஒற்றைக்காலில் நிற்கிறார். அர்ச்சுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். மேலே ஒரு தொட்டியும் உண்டு. விழா நாளில் பிளவு வழியாகத் தண்ணீரை உண்மையாகவே விட்டிருப்பார்கள் என்கிறார்கள். மின்சாரம் இல்லை, ஜாக்கெட் இல்லை, டிக்கெட்டும் இல்லை, சாலையில் நின்றே பார்க்கலாம். காசு வாங்காத பொருளுக்கு என்ன மரியாதை இருக்கப்போகிறது? நம்மவர்கள் கம்பிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்தாற்போல் வெண்ணெய் உருண்டைக்குப் போய்விடுகிறார்கள். 1908-இல் ஆளுநர் லாலி யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்களே, அந்தப் பாறையை ஒவ்வொரு குடும்பமும் கேமராவுக்கு முன்னால் கைவலிக்கத் தள்ளுகிறது. இமயத்துக்கு ஒரு நிமிஷம், உருண்டைக்கு அரை மணி. எதற்கு எவ்வளவு நேரம் என்று அளந்து செலவழிக்கும் அறிவு.

இமயம் செதுக்கிய பாறையில் யானையின் தந்தத்துக்கு அருகே ஒரு பூனை இருக்கிறது. தவசியைப் பார்த்து அதுவும் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை ஒட்டி மூச்சுப் பிடித்து நிற்கிறது. சுற்றிலும் எலிகள் அதை மகான் என்று நம்பிக் கும்பிடுகின்றன. பல்லவச் சிற்பி பெரிய காட்சியில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி யாரையோ நன்றாகப் புகழ்ந்திருக்கிறான்.

இப்போது என் யோசனை. பல்லவர் இமயத்தில் எல்லாம் இருக்கிறது, பனி மட்டும் இல்லை. குறையைச் சரிசெய்ய நமக்குத் தெம்பு இருக்கிறது. பாறைக்கு நாலுபுறமும் தகரக் கொட்டகை எழுப்பி, கூரையிலிருந்து பனி பீய்ச்சும் யந்திரங்களைப் பூட்டிவிடலாம். மின்சாரத்துக்குக் கவலையில்லை, கல்பாக்கம் கூப்பிடு தூரம். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமான அதே 1984-இல்தான் கல்பாக்கம் முதல் அணு உலையும் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஜோடிப் பொருத்தம் அப்போதே பார்த்து வைத்திருக்கிறார்கள். வெளியேறும் அனலைக் கடற்கரைக் கோயில் பக்கம் திருப்பிவிடலாம், உப்புக் காற்றையே தாங்கிய கோயில் அது. விலா எலும்பு தெரியும் தவசிக்கு ஒரு ஜெர்கின், நாகர்களுக்கு மஃப்ளர், யானைக் குட்டிகளுக்குக் குரங்குக் குல்லாய். பெரியவர்களுக்கு ஐநூறு ரூபாய், குழந்தைகளுக்கு முந்நூறு, ஜாக்கெட் வாடகை தனி. பூனையோடு படம் எடுத்துக்கொள்ளச் சிறப்புக் கட்டணம். அதற்கு ஆள் சேருமா என்ற சந்தேகமே வேண்டாம், எலிகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.